ஓசி என்றால் இளக்காரமா?



காசு கொடுத்து வாங்கினால்தான் சரக்கு நல்லா இருக்கும் என்பது நம் ஊரில் ஊறிப்போன எண்ணம். கம்ப்யூட்டர் விஷயத்தில் இது எவ்வளவு தூரம் சரி? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

என் அப்பா கட்டட வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் வீட்டுக்கு ஒரு பழைய லேப்டாப் வந்தது. அதில் நடப்பது என்ன? என் புராஜெக்ட் ரிப்போர்ட், தங்கையின் லீவ் லெட்டர், அப்பாவின் கூலிக் கணக்கு. இதற்கா வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் சந்தா? மைக்ரோசாப்ட் 365 சந்தா முடிந்துவிட்டால் நம் கம்ப்யூட்டரில் நம் ஃபைலைத் திறந்து பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். ஒரு எழுத்தைத் திருத்த முடியாது! ஒரே தடவை காசு கட்டும் ஆபீஸ் 2024-ம் உண்டு. அதுவும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்.

"கிராக் பண்ணிப் போட்டுத் தர்றேன் தம்பி" என்று கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். அதைப் போட முதலில் ஆன்டி-வைரஸை அணைக்கச் சொல்வார்கள். திருடனுக்காக நாயைக் கட்டிப்போடுகிற கதை இது!

லிப்ரே ஆபீஸ் யாரோ போட்ட பிச்சை அல்ல. ஜெர்மனியின் ஸ்டார் ஆபீஸை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000-ல் அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2010-ல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அதே வருஷம் நிரலாளர்கள் பலர் பிரிந்து வந்து தொடங்கியதுதான் லிப்ரே ஆபீஸ். அதன் ஓ.டி.எஃப். வடிவம் 2006-லேயே ஐ.எஸ்.ஓ. தரம் பெற்றது. மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். நெட் வேண்டாம். (கூகுள் டாக்ஸும் இலவசம்தான், ஆனால் எங்கள் தெருவில் சிக்னல் வந்தால் அன்று திருவிழா!)

குறையே இல்லையா? இருக்கிறது. வேர்டில் செய்த ஃபைலை இதில் திறந்தால் சில சமயம் டெக்ஸ்ட் பாக்ஸ், படங்கள் இடம் மாறி உட்காரும். எக்ஸல் மேக்ரோக்கள் சில ஓடாது. மேக்ரோவை நம்பித் தொழில் நடத்துகிறவர் காசு கொடுத்தே வாங்கட்டும், தப்பில்லை. நமக்கென்ன? ரிப்போர்ட்டை பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தால் வரி நகராது.

"இன்டர்வியூவில் எக்ஸல் தெரியுமான்னு கேப்பாங்களே?" என்பான் நண்பன். நியாயமான பயம்தான். ஆனால் சம், விலுக்கப், பிவட் டேபிள் எல்லாம் கால்க்கிலும் இருக்கிறது. வீட்டில் அதில் பழகிவிட்டு, லேபில் எக்ஸலை நாலு நாள் ஓட்டினால் கை தானே வந்துவிடும்.

லேப் கம்ப்யூட்டர்களில் எக்ஸல் பக்கத்திலேயே லிப்ரே ஆபீஸையும் போடச் சொல்லிக் கேட்போம். ரிப்போர்ட்டை .docx-ல் மட்டும்தான் வாங்குவோம் என்னாமல் பி.டி.எஃப்.-ஐயும் ஏற்கச் சொல்வோம். அடுத்த பேரவைத் தேர்தலில் நிற்கிற அண்ணன்மார்களே, கேன்டீன் டீ விலையோடு இதையும் உங்கள் நோட்டீஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு உங்களுக்கே!