பேருந்துக் காசில் நிற்கும் பட்டம்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், தூண்கள் மேல் ஓடும் 7ஆம் எண் ரயில் தடத்துக்கு அருகே இருக்கிறது லகார்டியா சமுதாயக் கல்லூரி. 1971இல் திறக்கப்பட்டது. கடையில் கல்லாவைப் பார்த்துவிட்டு ஓடி வருபவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருபவர்கள், வீட்டில் ஸ்பானிஷோ வங்காளமோ பேசுபவர்கள் எல்லாம் இங்கே படிக்கிறார்கள். அவர்களில் பலருடைய குடும்பத்தில் இதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் இரண்டாண்டுப் பட்டம் தருபவை. பள்ளியை முடித்த எவருக்கும் அநேகமாக இடம் உண்டு, கட்டணமும் குறைவு. ஆனால் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்காமலேயே பாதியில் நின்றுவிடுவதுதான் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

நின்றவரைப் பார்த்து ‘உழைப்பு போதாது’ என்கிறோம். வென்றவரை ‘என்ன மன உறுதி!’ என்று மெச்சுகிறோம். இரண்டிலும் கல்லூரியின் பொறுப்பு கண்ணில் படாமல் போய்விடுகிறது. எந்தப் பாடத்தை எந்தத் தேதிக்குள் விட்டுவிட்டால் மதிப்பெண் பட்டியல் கெடாது, உதவித்தொகைப் படிவத்தை எப்படி நிரப்புவது, பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டலாமா கூடாதா? படித்தவர்கள் இருக்கும் வீட்டில் இதெல்லாம் சோறு உண்ணும் நேரத்திலேயே பிள்ளைகள் காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறை மாணவரோ ஒவ்வொன்றையும் தவறு செய்துதான் கற்கிறார். அந்தத் தவறுக்கு ஒரு பருவக் கட்டணம் போய்விடுகிறது.

லகார்டியாவும் அடங்கிய நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ‘ஏசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு, உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தைத் திட்டமே ஏற்றது; பாடநூல் கொடுத்தது; ரயிலுக்கும் பேருந்துக்குமான மெட்ரோ கார்டை மாதாமாதம் கையில் தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆலோசகர். வழக்கமாக 600 முதல் 1,500 மாணவர்களுக்கு ஒருவர் என்று இருந்த இடத்தில், 60 முதல் 80 பேருக்கு ஒருவர். மாணவரின் பெயரும் முகமும் அவருக்குத் தெரியும். ஆளைக் காணவில்லை என்றால் விசாரிப்பார்.

லகார்டியா உட்பட மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்தது. எல்லோருமே குறைந்த வருமானக் குடும்பத்தினர், ஆங்கிலத்திலோ கணிதத்திலோ அடிப்படைப் பயிற்சி தேவைப்பட்டவர்கள். மூன்றாண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள். வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம்தான். அதே கல்லூரி, அதே வகுப்பறை, அதே பின்னணி. மன உறுதி மட்டுமே காரணம் என்றால் இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

செலவு கூடத்தான் செய்தது. ஒரு மாணவருக்கு மூன்றாண்டில் சுமார் 16,300 டாலர் அதிகம். ஆனால் ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு என்று கணக்குப் போட்டால் பழைய முறையைவிடக் குறைவு. பாதியில் நிற்கும் மாணவருக்காகவும் அரசு செலவழிக்கத்தான் செய்கிறது; பட்ஜெட் பேசுபவர்கள் அதைச் சொல்வதில்லை.

கணிதத்தின் கதையும் சொல்லப்பட வேண்டும். நுழைவுச் சோதனையில் பின்தங்கியவர்கள் பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படை அல்ஜீப்ராவை முதலில் முடிக்க வேண்டும் என்பது பழைய விதி. இதே பல்கலைக்கழகத்தில் 2013இல் ஒரு சோதனை. ஒரு சாராருக்கு அல்ஜீப்ராவைத் தவிர்த்து, வாராந்தரப் பயிற்சியோடு நேரடியாகக் கல்லூரிப் புள்ளியியல் கற்பித்தார்கள். அதில் 56 சதவீதம் பேர் தேறினார்கள். அல்ஜீப்ரா படித்தவர்களில் 39 சதவீதம். ‘தகுதி இல்லை’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் கடினமான பாடத்தில் அதிகமாகத் தேறியிருக்கிறார்கள். எத்தனை தலைமுறையை அந்த ஒரு விதி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஒஹாயோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகள் 2014இல் ஏசாப் மாதிரியை எடுத்துக்கொண்டன. அங்கே மெட்ரோ கார்டுக்குப் பதிலாக, பெட்ரோலுக்கோ மளிகைக்கோ மாதம் 50 டாலர் அட்டை. அங்கும் மூன்றாண்டில் 35 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள். திட்டத்துக்கு வெளியே 19 சதவீதம்.