எடைக்கு அல்ல, சத்துக்கு விலை: உவர்நில மூலிகைச் சாகுபடி குறித்து எங்கள் நிலைப்பாடு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மூலிகை பயிரிடுவோர் சார்பில்

நெல்லும் மக்காச்சோளமும் கைவிட்ட உவர் நிலத்தில் மூலிகை போடலாமா என்று உழவர்கள் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் இன்றைய எடைக் கணக்கில் வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு.

சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய நித்தியகல்யாணியையே பாருங்கள். அதிலிருந்து எடுக்கும் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் 1960களிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டினுக்கு இன்றும் முக்கிய இடம் உண்டு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ அரை டன் காய்ந்த இலை வேண்டும்.

உப்பேறிய மண்ணில் வேர் தண்ணீர் இழுக்கப் படாத பாடு படும். அப்போது செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு, தன்னைக் காக்கும் வேதிப்பொருள்களைக் கூட்டிக்கொள்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நித்தியகல்யாணிக்கு உப்புநீர் விட்டுப் பார்த்தபோது செடியின் எடை குறைந்தது. வேரில் அஜ்மாலிசின் என்ற மருந்துப்பொருள் கூடியது.

களத்தில் நடப்பது வேறு. வேரை மண் உதறி, உலர்த்தி, சாக்கில் கட்டி வைக்கிறோம். வியாபாரி தூக்குத்தராசில் மாட்டுகிறார். முள் நிற்கும் இடம்தான் விலை. சத்து கூடிய உவர்நிலத்துச் சாக்கு எடையில் குறைவு என்பதால் காசிலும் குறைந்துபோகிறது.

ஆகவே நாங்கள் கோருவது:

1. நடவுக்கு முன் மண், நீர் ஆய்வு. நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண் எல்லாம் உவர் அல்ல. உவர் வேறு, களர் வேறு. கார அமில நிலை 8.5-ஐத் தாண்டிய களரை ஜிப்சம் இட்டுத் திருத்தலாம். உவருக்கு உப்பை நல்ல தண்ணீரால் கழுவி வடிக்க வேண்டும்.

2. கொள்முதலின்போது இரு தரப்பும் பார்க்க மாதிரி எடுத்து, சத்தின் அளவை ஆய்வகத்தில் சோதித்து, அதற்கேற்ற விலையை எழுத்தில் தர வேண்டும்.

3. களர் நிலத்துக்கென நெல் ரகங்கள் தந்தது திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி. மூலிகைக்கும் அதே அக்கறையோடு வயல்வெளிச் சோதனை வேண்டும்.

4. ஏரிக்கரைகளிலும், 2024-இல் ராம்சர் தலமான கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்திலும் காட்டுச் செடிகளை வேரோடு பிடுங்கக் கூடாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி அமைந்த ஊராட்சிக் குழுக்கள் தம் பதிவேட்டில் உவர்நில மூலிகைகளையும் சேர்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நித்தியகல்யாணி இலையை மெல்லாதீர்கள், கஷாயமும் வைக்காதீர்கள். புற்றுநோய் உயிரணுவைக் கொல்லும் பொருள் நல்ல உயிரணுவையும் விடாது.

உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாக்கின் வாயைக் கட்டும் முன் ஒரு கைப்பிடி வேரைத் தனியே எடுத்து, தேதியும் வயலும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். நாளை விலை பேச உட்காரும்போது நம் பக்கம் சாட்சி சொல்ல அந்த ஒரு பிடிதான் இருக்கும்.