பழி பசுமைக்கு, பணம் பெரும் பண்ணைக்கு!

2024 தொடக்கத்தில் பாரிஸ், பெர்லின், பிரஸ்ஸல்ஸ் சாலைகளை டிராக்டர்கள் மறித்தன. விளைச்சலுக்கு விலையில்லை, டீசல் சலுகை பறிபோகிறது, போதாக்குறைக்குச் சுற்றுச்சூழல் விதிகள் கழுத்தை நெரிக்கின்றன என்று விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். உழுகிறவன் தெருவுக்கு வந்தால் அவன் பக்கம் நிற்பதே உழைப்பாளியின் கடமை. ஆனால் அவன் கோபத்தை வைத்துக் காரியம் சாதித்துக்கொண்டது யார்?

ஐரோப்பிய நாடுகள் 1962 முதல் பொது விவசாயக் கொள்கை ஒன்றை நடத்தி வருகின்றன. விலைக்கு உத்தரவாதம் தந்தார்கள். 1980களில் வெண்ணெய் மலையாகக் குவிந்தது. 1992க்குப் பின் விவசாயிக்கு நேராகப் பணம் தரும் முறை வளர்ந்தது. எதை வைத்து? பெரும்பாலும் நிலத்தின் அளவை வைத்து! விளைவு என்ன? நேரடி மானியத்தில் ஏறத்தாழ 80 சதவிகிதம் 20 சதவிகிதம் பேருக்கே போகிறது. 2005க்கும் 2020க்கும் இடையில் சுமார் 53 லட்சம் பண்ணைகள் மறைந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறு பண்ணைகள்.

பசுமை நிபந்தனைகள் என்ன சாதித்தன? 2015 முதல் நேரடி மானியத்தில் 30 சதவிகிதத்துக்கு அவை விதிக்கப்பட்டன. அதனால் சாகுபடி முறை மாறியது சுமார் 5 சதவிகித நிலத்தில்தான் என்று 2017ல் ஐரோப்பியத் தணிக்கை மன்றமே சொன்னது. அதன் பிறகு, 2023ல் தொடங்கிய கொள்கையில் சற்றுக் கடுமையான விதி வந்தது. உழவு நிலத்தில் 4 சதவிகிதத்தைப் பறவைக்கும் பூச்சிக்கும் மண்ணுக்குமாக விட்டுவைக்க வேண்டும். 2024ல் டிராக்டர்களைக் காட்டி அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். பூச்சிமருந்தைப் பாதியாகக் குறைக்கும் சட்ட முன்வடிவையும் கைவிட்டார்கள்.

இங்கேதான் சூது இருக்கிறது. பத்து ஹெக்டேர், அதாவது இருபத்தைந்து ஏக்கர் வரை உழவு நிலம் உள்ளவனுக்கு அந்த 4 சதவிகித விதி முதலிலிருந்தே கிடையாது! சிறு விவசாயியின் பெயரைச் சொல்லி இறக்கிய சுமை, அவன் தோளில் இருந்ததே இல்லை.

பூச்சிமருந்தை முதலில் சுவாசிப்பவர்கள் யார்? ஸ்பெயினின் அல்மேரியாவில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வேலை செய்யும் மொராக்கோ தொழிலாளர்கள். இத்தாலியின் லத்தீனா வயல்களில் குனிந்து நிற்கும் பஞ்சாபியர்கள். நம்மைப் போலவே பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்தவர்கள். தொழிலாளர் சட்டத்தை மீறும் பண்ணைக்கு மானியத்தைக் குறைக்கும் விதி எல்லா உறுப்பு நாடுகளிலும் கட்டாயமானதே 2025ல்தான்.

பெரும் பண்ணைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் யூரோதான் உச்சவரம்பு என்று 2018ல் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. 2021 பேரத்தில் அது கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. 2027க்குப் பிந்தைய கொள்கைக்காக 2025 ஜூலையில் அதே உச்சவரம்பை மீண்டும் முன்வைத்தார்கள். இந்த முறையாவது அது நிற்க வேண்டும். பணம் ஏக்கரைப் பார்த்துப் போகும்வரை மண்ணும் பிழைக்காது, சிறு விவசாயியும் பிழைக்க மாட்டான். மண்ணைக் காப்பவனுக்கும் அதில் உழைப்பவனுக்கும் பணம் போகட்டும். அதுவே உண்மையான பசுமை!