ஈரல் பழுது என்றால் குடிகாரனா?



சாச்சாவின் ஜனாஸா வீட்டில் கதிரையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "ஈரல் பழுதாகித்தான் மௌத்தாம். மனிசன் ஒளிச்சு மறைச்சுக் குடிச்சிருப்பாரோ?"

அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று சாச்சியிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

சாச்சா ஒரு சொட்டும் குடித்தவர் இல்லை. சீனி வருத்தம் இருந்தது, வயிறு முன்னுக்குத் தள்ளியிருந்தது, அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன் இரத்தம் சோதித்தபோது எஸ்.ஜி.பி.டி. கூட என்று வந்திருக்கிறது. அந்த ரிப்போர்ட்டை அவர் எவருக்கும் காட்டவில்லை. மௌத்தான பிறகுதான் அலுமாரியில் உடுப்புக்குக் கீழே கண்டெடுத்தோம். ஏன் ஒளித்தார்? ஜனாஸா வீட்டில் கேட்கப்பட்ட அதே கேள்விக்குப் பயந்துதான்.

மௌத்து அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் அந்த ஆறு வருஷத்தை வீணாக்கியது நம்மட வாய்.

குடித்தால் ஈரல் பழுதாகும் என்பது உண்மை. குடித்தால் மட்டும்தான் பழுதாகும் என்பது பொய். ராகம பகுதியில் நடுத்தர வயதினரை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. குடியோடு சம்பந்தமில்லாத ஈரல் கொழுப்பு அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இருந்தது. சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், வயிற்றுப் பருமன், இவைதான் அதற்கு வழி. நம்மட ஊரில் இவை இல்லாத வீடு எது? இன்னொன்று ஹெபடைடிஸ் பி வைரஸ். நம் நாட்டில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 2003இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு அது கிடைக்கவில்லை.

இந்த வெட்கம் நம்மை மூன்று பிழை செய்ய வைக்கிறது.

முதலாவது, களவாக லேப்புக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை ஃபோனில் தேடிப் படிப்பது. ஈரல் சோதனை என்பது ஒரு சோதனை அல்ல, பல. எஸ்.ஜி.பி.டி. கூடினால் ஈரல் கலங்கள் சேதமாகின்றன என்று பொருள். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு, கடுமையாக வேலை செய்தாலும் கூடும். ஏ.எல்.பி. கூடினால் பித்தக்குழாயைப் பார்ப்பார்கள். அது எலும்பிலிருந்தும் வரும். ஈரல் தன் வேலையைச் செய்கிறதா என்று காட்டுவது அல்புமினும் ஐ.என்.ஆரும். ஈரல் சுருங்கிப்போனவருக்கும் எஸ்.ஜி.பி.டி. சரியாக வரலாம். மாறாக, கில்பர்ட் என்ற பிறவித்தன்மை உள்ளவருக்கு நோன்பு பிடித்தால் பிலிருபின் மட்டும் கூடும். அதற்கு மருந்தே தேவையில்லை. ஆகவே டொக்டர் இல்லாத ரிப்போர்ட் சும்மா பயம் காட்டும், அல்லது சும்மா ஆறுதல் சொல்லும்.

இரண்டாவது, ஊர்க் கண்ணுக்குப் பயந்து கொழும்புக்கு ஓடுவது. சாச்சாவுக்குக் கால் வீங்கி, வயிற்றில் நீர் நின்ற பிறகு நாங்களும் இரவு பஸ் ஏறினோம். யாரோ சொன்ன பெரிய பெயர் ஒன்றைச் சனல் பண்ணினோம். அவர் சத்திர சிகிச்சை நிபுணர். இது வி.பி. பார்க்க வேண்டிய வருத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரி. பிழை எங்களுடையது.

எஸ்.ஜி.பி.டி. கூட என்றால் முதலில் குடும்ப டொக்டர் அல்லது வெளிநோயாளர் பிரிவு. அங்கிருந்து கடிதம் வாங்கி, வி.பி. என்று நாம் சொல்லும் பொது வைத்திய நிபுணரின் கிளினிக். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையும் நமக்கு எட்டும் தூரம்தான், காசும் இல்லை. குடல், ஈரல் நோய் நிபுணர் தேவையா என்று அவரே சொல்வார். பித்தக்கல் குழாயை அடைத்தால், கட்டி இருந்தால், அப்போதுதான் சத்திர சிகிச்சை நிபுணர். சீனி, பிரஷர் குளிசைகளோடு குடிக்கிற கசாயத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகளும் ஈரலைப் பழுதாக்கும். பனடோலும் அப்படித்தான்: வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது.

மூன்றாவது, கண் மஞ்சளானால் "செங்கமாரிதானே" என்று வீட்டில் வைத்துப் பத்தியம் போடுவது. செங்கமாரி ஒரு வருத்தம் அல்ல, பல வருத்தங்களின் அடையாளம். வேளாண்மைக்கு இறங்குகிற ஊர் நம்முடையது. வயலுக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சலும் உடல் உளைவும் வந்து கண் மஞ்சளானால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2008இல் இந்த நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவாகி, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ச்சலோடு கண் மஞ்சளா, சிறுநீர் குறைகிறதா, பேச்சு தடுமாறுகிறதா, இரத்தமாக வாந்தியா? லேப்பும் வேண்டாம், சனலிங்கும் வேண்டாம். அந்த நேரமே ஆஸ்பத்திரி. வயலுக்கு இறங்குவதற்கு முன் எம்.ஓ.எச். பணிமனையில் தடுப்புக் குளிசையைக் கேளுங்கள்.

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சிலர் சொல்வார்கள். மருந்து செய்யும்படி சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்கள்தானே. அடுத்தவன் குடிச்சிருப்பான் என்று ஊகிக்கச் சொன்னது யார்? சாட்சியில்லாமல் ஒரு முஸ்லிமின் மானத்தில் கை வைப்பது சின்னப் பாவம் என்று நினைத்துவிட்டோமா?

அந்தக் கேள்வியை இனி எந்த ஜனாஸா வீட்டிலாவது கேட்டால் என்னைப்போல் சும்மா இருக்காதீர்கள். கேட்டவரின் வாயை அங்கேயே அடையுங்கள்.

உங்கள் அலுமாரியிலும் ஒரு ரிப்போர்ட் மடித்துக் கிடந்தால், நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

சாச்சாவின் மஃபிரத்துக்காக துஆ செய்யுங்கள்.