சிரிப்பை எழுதியவர்

நகைச்சுவை எழுதுபவனை இலக்கியகாரர் வரிசையில் இருத்த நம்மவர் பலருக்கு இன்னும் மனம் வருவதில்லை. அவன் வானொலிக்கு எழுதுபவனாயின் சொல்லவே வேண்டியதில்லை. குரல் கொடுத்த நடிகனின் பெயர் நிலைக்கும். எழுதியவன் பெயரோ நிகழ்ச்சியின் முடிவில் ஒரு கணம் ஒலித்து மறைந்துவிடும். மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்து, எள்ளலும் பேதைமையும் உட்பட நான்கு நிலைக்களன்களை அதற்கு வகுத்தவர் தொல்காப்பியர். அவர் வழிவந்த நாம் இவ்விடயத்திற் காட்டும் அலட்சியம் விந்தையானது. ஆயினும் இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஸ்பைக் மில்லிகனின் வாழ்க்கை சான்று.

மில்லிகன் 1918-ஆம் ஆண்டு இந்தியாவின் அகமத்நகரிற் பிறந்தார். தந்தை அயர்லாந்துக்காரர், பிரித்தானிய இந்தியப் படையிற் பணிபுரிந்தவர். பூனாவிலும் இரங்கூனிலும் கழிந்தது பிள்ளைப்பருவம். பதின்ம வயதில் இங்கிலாந்து சென்றவர், ஜாஸ் இசைக்குழுக்களில் ஊதுகுழலும் கிற்றாரும் வாசித்துத் திரிந்தார். பின்னர் உலகப் போர் வந்தது. பீரங்கிப் படைச் சிப்பாயாக வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்ட அவர், 1944 ஜனவரியில் மொன்ரே கசினோப் போர்முனையில் எறிகுண்டினாற் காயமுற்றார். உடற்காயம் ஆறியது, உள்ளத்திற் பட்ட காயம் ஆறவேயில்லை.

1951 மே மாதம் பி.பி.சி.யில் அவரும் பீற்றர் செலர்ஸ், ஹரி சீக்கோம், மைக்கல் பென்ரைன் ஆகியோரும் தொடங்கிய நிகழ்ச்சியே பின்னர் ‘கூன் ஷோ’ எனப் புகழ்பெற்றது. பென்ரைன் விரைவில் விலகினார். ஏனைய மூவரும் 1960 ஜனவரி வரை அதனை நடத்தினர். லறி ஸ்ரீபன்ஸ், எரிக் சைக்ஸ் முதலியோர் துணைநின்ற காலங்கள் உண்டெனினும், எழுத்துச் சுமையின் பெரும்பகுதி மில்லிகனின் தலையிலேயே இருந்தது. நான்காம் தொடரில் மாத்திரம் 30 நிகழ்ச்சிகள். எழுதி முடித்தவரே ஒலிவாங்கியின் முன் நின்று எக்கில்ஸ் என்னும் பேதையாகவும், மின்னி என்னும் கிழவியாகவும், மொறியாற்றி என்னும் நொடித்துப்போன வஞ்சகனாகவும் குரல் மாற்றிப் பேசவும் வேண்டியிருந்தது.

1952-இன் இறுதியில் அவரது மனம் முறிந்தது. அயலில் வசித்த செலர்ஸைத் தாக்கக் கத்தியுடன் புறப்பட்டார் என்பர். வைத்தியசாலையிற் பல வாரங்கள் கழிந்தன. மீண்டு வந்தவர் மறுபடியும் எழுத அமர்ந்தார். இந்நிகழ்ச்சியே தம் உடல்நலத்தையும் முதல் மணவாழ்வையும் குலைத்தது எனப் பின்னாளில் அவரே கூறியுள்ளார்.

இவ்விடத்தில் ஒரு கருத்தை மறுத்துரைக்க வேண்டியுள்ளது. மில்லிகனின் பித்தே அவரது கற்பனையின் ஊற்று என எழுதுவோர் பலர். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆனால் உழைத்தவனிடமிருந்து அவன் உழைப்பைப் பறித்து நோய்க்குக் கொடுக்கும் கூற்று அது. நோயுற்ற நாட்களில் அவர் படுக்கையிற் கிடந்தார். எழுந்த நாட்களில் எழுதினார். 1993-இல் உளமருத்துவர் அந்தனி கிளேயருடன் சேர்ந்து மனச்சோர்வைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், அந்நோயைக் கவிஞனின் அணிகலனாகக் காட்டவில்லை. தப்பிப் பிழைக்க வேண்டிய ஒரு துன்பமாகவே காட்டிற்று.

அவ்வுழைப்பின் இயல்பைச் சற்று நோக்குவோம். அவருக்கு முன் வானொலி நகைச்சுவையில் ஓசை என்பது கதவு தட்டுவதும் சரளைக் கல்லில் நடப்பதுமே. மில்லிகனோ ஓசையை வசனத்துக்கு நிகராக எழுதினார். ‘நெப்போலியனின் பியானோ’ என்னும் 1955-ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் ஒரு பியானோவைக் கப்பலாக்கி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கின்றனர். மேடையில் இதனைக் காட்டினால் தச்சனின் கைவேலை தெரியும். திரையிற் காட்டினாற் செலவு தெரியும். செவிக்கு மட்டுமே அது உண்மையாக நிகழும். விரும்பிய ஓசை கிடைக்கும்வரை அவர் நிலையத்தாருடன் ஓயாது மல்லுக்கு நின்றார். சிற்றுண்டிச்சாலையிற் கஸ்ரட் காய்ச்சுவித்து, அதனைக் காலுறைக்குள் ஊற்றிச் சுழற்றியடித்துப் பார்த்தார் என்றொரு கதையும் உண்டு. 1958-இல் பி.பி.சி. அமைத்த மின்னொலிப் பட்டறையின் முதற்பணிகளுள் ஒன்று, மேஜர் பிளட்நொக்கின் வயிற்றிரைச்சலை உண்டாக்கியமை! அந்த மேஜர் யார்? கோழையும் காசாசை பிடித்தவனுமான ஓர் இந்தியப் படை அதிகாரி. குடியேற்ற ஆட்சியின் மீசை முறுக்கைச் சிறுபிள்ளையாய்ப் பக்கத்திலிருந்து பார்த்தவனின் எள்ளல் அது.

எள்ளல் எப்போதும் இலக்குத் தவறாதிருக்கவில்லை. 1969-இல் ஜொனி ஸ்பைற் எழுதிய தொலைக்காட்சித் தொடரொன்றில் முகத்துக்கு மண்ணிறம் பூசிப் பாகிஸ்தானியக் கலப்பினத்தவராக நடித்தார். இனவெறியரைப் பழிப்பதே நோக்கம் என்றனர். ஆயினும் பழிக்கப்பட்டவர் யாரென்பது ஐயத்துக்கிடமாயிற்று. ஆறு நிகழ்ச்சிகளுடன் அது நின்றது. அவருடைய அன்பர்கள் இதற்குக் கூறும் சமாதானங்கள் எனக்கு ஏற்புடையனவல்ல.

இத்தனைக்கும், இங்கிலாந்துக்காகக் குருதி சிந்திய இவரது குடியுரிமையே கேள்விக்குரியதாயிற்று. 1962-இல் அவர் தந்தையின் நாடான அயர்லாந்தின் பிரசையானார். ஆதலால் 2001-இல் அளிக்கப்பட்ட வீரப்பட்டமும் பிறநாட்டவர்க்குரிய கௌரவப் பட்டமாகவே அமைந்தது. ஒருவனைப் பயன்கொண்டபின் அவன் தாள்களைச் சோதிக்கும் அரசுகளைப் பற்றி இந்நாட்டுத் தமிழ் வாசகர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2002-இல் மறைந்த அவரது கல்லறையில், தாம் நோயுற்றிருப்பதை முன்னரே சொன்னதாக ஐரிஷ் மொழியில் ஒரு வாசகம் உண்டு.

செலர்ஸ் திரைப்படங்களால் உலகறிந்த நடிகரானார். மில்லிகனும் புகழின்றி வாழ்ந்தவரல்லர். குழந்தைப் பாடல்கள், ‘பக்கூன்’ என்னும் நாவல், போர் நினைவு நூல்கள் எனப் பலவற்றை எழுதினார். ‘மொன்ரி பைதன்’ குழுவினர் தாம் அவருக்குக் கடமைப்பட்டவர்கள் என்றனர். எனினும் அவரது ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது அந்த வானொலிப் பிரதிகளில்தான் என்பது என் எண்ணம். தொடக்ககால நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளிற் பெரும்பாலானவை இன்று இல்லை. பிரதிகளுட் சில 1972-இல் நூலாக வந்தன. வானொலி நாடகம் எழுதப் புகும் நம் மாணவர்கள் அவற்றைத் தேடிப் படிப்பார்களாக. படிக்கும்போது வசனங்களைத் தாவிச் செல்லினும், இடையிடையே உள்ள ஓசைக் குறிப்புகளைத் தாவிச் செல்லலாகாது.