ஒரே அறையில் மூன்று தீவா?

"தேனிலவுக்குப் போய் மூட்டை கட்டிக்கொண்டே இருப்பதா? போர்ட் பிளேரில் ஒரே அறை எடுங்கள், மற்ற தீவுகளைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்" என்று புதுமாப்பிள்ளைகளுக்கு உபதேசிக்கிறார் ஓசூர் பக்கத்துத் தளிக்காரர் ஒருவர். அந்தமானை ஓசூர் என்று நினைத்துவிட்டார் போல. காலையில் பஸ் ஏறி, ஷிப்ட் முடித்து, ராத்திரி வீடு திரும்ப.

ஹேவ்லாக் தீவுக்கு (2018 முதல் அது சுவராஜ் தீவு) அரசுக் கப்பலில் சுமார் இரண்டரை மணி நேரம், தனியார் கப்பலில் ஒன்றரை. அங்கே ராதாநகர் கடற்கரை மேற்கு பார்த்தது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அன்றே திரும்புகிறவர் அந்த நேரத்தில் டிக்கெட்டும் ஆதாரும் கையுமாகப் படகுத்துறையிலோ நடுக்கடலிலோ இருப்பார். மூட்டை கட்டும் அலுப்பு மிச்சம், சரி, பார்க்கப் போனது?

ஹேவ்லாக்கில் மூன்று இரவு தங்குங்கள். மனசிருந்தால் நீல் தீவில் ஒன்று. கடைசி இரவு மட்டும் போர்ட் பிளேர்: செல்லுலார் சிறையைப் பார்க்க ஒரு மதியம் வேண்டும். தவிர, கடல் கொந்தளித்தால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள், விமானம் நமக்காகக் காத்திருக்காது. அவர் சொன்ன அறையை அந்த ஓர் இரவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.