லேசருக்கும் ஒரு பெட்டி வேண்டும்!

மின்கிட்டார் வாசிப்பவரின் காலடியில் சின்னச் சின்ன உலோகப் பெட்டிகள் வரிசையாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பெட்டியின் மேலுள்ள பொத்தானைக் காலால் அழுத்தியதும், கிட்டாரின் மெல்லிய ஓசை கரகரப்பாக உறுமும், அல்லது எதிரொலிக்கும். இந்தப் பெட்டிகளைப் ‘பெடல்’ என்கிறார்கள். 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்னும் பெடல் வெளிவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் இங்கிலாந்து இசைக்குழு தனது புகழ்பெற்ற பாடல் ஒன்றில் அதைப் பயன்படுத்தவே, கிட்டார் வாசிப்போர் பலரும் அதைத் தேடத் தொடங்கினார்கள். அதற்குள் இருந்தவையெல்லாம் மூன்று டிரான்சிஸ்டர்களும், சில மின்தடைகளும், மின்தேக்கிகளுமே!

இவ்வளவு எளிய மின்சுற்றை நாமே செய்துகொண்டால் என்ன என்று பலர் முயன்றார்கள். இன்று மேலைநாடுகளில் மட்டுமன்றி உலகின் பல பகுதிகளிலும் இது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. செய்து முடித்த சுற்றை, சுமார் 11 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள வார்ப்பு அலுமினியப் பெட்டி ஒன்றில் அடைக்கிறார்கள். ஏன் உலோகப் பெட்டி? கிட்டாரிலிருந்து வரும் மின்குறிகை மிகவும் வலிமை குன்றியது. சுவரில் ஓடும் மின்கம்பிகளின் ரீங்காரம் அதில் எளிதாகக் கலந்துவிடும். நிலஇணைப்புப் பெற்ற உலோகப் பெட்டி அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஆக, பெட்டி வெறும் உறையன்று, அது காவலாளி.

பெட்டியை அழகுபடுத்தும் ஆசை அடுத்து வருகிறது. அழகு மட்டுமா? எந்தக் குமிழ் எதைக் கூட்டும், மின்இணைப்பின் நடுமுனை நேரா எதிரா என்பதையும் எழுதியாக வேண்டும். பெரும்பாலான பெடல்களில் நடுமுனை எதிர்முனை. மாற்றி இணைத்தால் டிரான்சிஸ்டர்கள் கெட்டுப்போகக் கூடும். முன்பு இவ்வெழுத்துகளைத் தூரிகையால் எழுதினார்கள். அச்சிட்ட தாளை ஒட்டினார்கள். இப்போது பலர் கை நீட்டுவது லேசர் பொறிப்பானை நோக்கித்தான்.

அது எப்படி எழுதுகிறது? நம் ஊர்ப் பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிறார்களே, அங்கே கூரிய முனை உலோகத்தையே கீறுகிறது. வீட்டு உபயோகத்திற்கென்று விற்கும் சிறிய நீல லேசர் அப்படிச் செய்வதில்லை. மெருகிட்ட அலுமினியம் தன்மேல் விழும் நீல ஒளியில் 100-க்கு 90 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மிஞ்சிய வெப்பத்தையும் விரைவாக நாலாபக்கமும் கடத்திவிடும். ஆகவே லேசர் எரிப்பது பெட்டியின் மேலுள்ள வண்ணப் பூச்சை மட்டுமே. பூச்சு போன இடத்தில் வெள்ளிபோல் அலுமினியம் பளிச்சிடுகிறது. அதாவது லேசர் சேர்ப்பதில்லை, நீக்குகிறது.

நீக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 5 வாட் ஒளியை 0.1 மி.மீ. விட்டமுள்ள புள்ளியில் குவித்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 640 வாட் என்றாகிறது. உச்சிவெயிலோ ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வாட்! அந்தச் சிறு புள்ளியில் வெயிலைப்போல் ஆறு லட்சம் மடங்குக்கு மேற்பட்ட ஒளி விழுகிறது. பூச்சு ஆவியாவதில் வியப்பென்ன?

இங்கேதான் நான் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. மூடி இல்லாத லேசர் பொறிப்பானை மாணவர்கள் தொடக்கூடாது. அது வீட்டு மேசைக்கும் ஆகாது. பள்ளி ஆய்வகத்துக்கும் ஆகாது. விலை மலிவு என்பதற்காகத் திறந்த சட்டத்தில் லேசரைப் பொருத்தி விற்கிறார்கள். அந்த மலிவை நாம் கண்ணால் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

நீல ஒளி நம் கண்ணின் வில்லையைத் தாண்டி நேரே விழித்திரைக்குச் செல்லக்கூடியது. செல்வதோடு நில்லாமல், கண்ணுக்குள் நுழையும் இணையான கதிர்களை வில்லை குவித்து, விழித்திரையில் சுமார் ஒரு லட்சம் மடங்கு செறிவாக்கிவிடும். கண் கூசினால் இமை மூடிக்கொள்ளுமே என்பீர்கள். இமை மூடக் கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடிக்குள் தீங்கு நேராது என்று கருதப்படும் ஒளியின் அளவு 1 மில்லிவாட். நமது 5 வாட் லேசர் அதைப்போல் 5,000 மடங்கு! விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்த இடம் மீண்டும் வளராது.

‘கண்ணாடி அணிந்துகொண்டால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்ணாடி அவசியமே. ஆனால் அது அணிந்தவரை மட்டுமே காக்கும். அறைக்குள் ஓடிவரும் தம்பிக்கு யார் கண்ணாடி மாட்டுவது? அதிலும் நாம் எழுதுவது மரத்தின்மேல் அன்று. பூச்சு விலகியதும் கீழே இருப்பது ஒளியைத் திருப்பியடிக்கும் உலோகம். ஏறத்தாழ ஒரு கண்ணாடி என்றே சொல்லலாம். ஒளி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

மூடி என்றால் எந்த மூடியும் ஆகாது. 1964-இல் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு; அலைநீளம் 10,600 நானோமீட்டர். தெளிவான அக்ரிலிக் தகடு அதைத் தடுத்துவிடும். அதே தகடு 450 நானோமீட்டர் நீல ஒளியைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும்! நம் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் தகடு, ஓர் ஒளிக்குச் சுவர். இன்னோர் ஒளிக்குத் திறந்த கதவு. எனவே மூடியும் கண்ணாடியும் அந்தந்த லேசரின் அலைநீளத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். மூடியைத் திறந்த உடனே ஒளி தானாக அணையவும் வேண்டும்.

புகையையும் மறக்கலாகாது. எரியும் பூச்சின் புகை நுரையீரலுக்கு நல்லதன்று. சிலர் பெட்டியின்மேல் பி.வி.சி. ஒட்டுத்தாளை ஒட்டி, அதை லேசரால் வெட்ட நினைக்கிறார்கள். பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். ஈரத்தில் கலந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வேதியியல் பாடத்தில் படித்தது நினைவிருக்கிறதல்லவா? நம் தொண்டையும் நுரையீரலும் ஈரமானவையே.

பயமுறுத்துவது என் நோக்கமன்று. பெடல் செய்யும் கலை மாணவர்களுக்கு மிக நல்ல பயிற்சி. ஆனால் பெடலில் ஓடுவது 9 வோல்ட். தவறாக இணைத்தால் ஒரு டிரான்சிஸ்டர் போகும். மறுநாள் வேறொன்று வாங்கலாம். ‘செய்து பார், கெட்டால் திருத்து’ என்ற அந்தத் துணிச்சல் அங்கே நற்குணம். அதே துணிச்சலோடு லேசரின் முன் உட்காருவதுதான் ஆபத்து. கண்ணுக்கு மாற்று உறுப்பு கடையில் கிடைக்காது.

அப்படியானால் என்ன செய்வது? மின்சுற்றை வீட்டில் செய்யுங்கள்; படத்தையும் எழுத்தையும் வீட்டிலேயே வரைந்து கொள்ளுங்கள்; பொறிக்கும் வேலையை மட்டும், மூடியும் புகைபோக்கியும் உள்ள இயந்திரம் இருக்கும் பொதுப் பட்டறையில், அறிந்தவர் மேற்பார்வையில் செய்யுங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ‘ஃபேப் லேப்’ என்னும் பொதுப் பட்டறை முறை, 2002-ஆம் ஆண்டு வாக்கிலேயே புனே அருகிலுள்ள பாபல் கிராமத்தின் விஞ்ஞான ஆசிரமத்துக்கு வந்துவிட்டது. பத்து வீடுகளில் பத்துத் திறந்த லேசர்கள் இருப்பதைவிட, பத்து மாணவர்கள் கூடும் இடத்தில் மூடிய லேசர் ஒன்று இருப்பது மேல். அருகில் பட்டறை இல்லையா? தூரிகை இருக்கிறது. கையெழுத்தால் பெடலின் ஓசை குறைந்துவிடாது.

இரைச்சல் நுழையாமலிருக்க 9 வோல்ட் சுற்றுக்கே ஓர் உலோகப் பெட்டி தேடுகிறோம். வெயிலைப்போல் ஆறு லட்சம் மடங்கு செறிந்த ஒளிக்கு ஒரு பெட்டி வேண்டாமா? லேசர் இயந்திரம் ஒன்றின் முன் நிற்க நேர்ந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ‘எத்தனை நானோமீட்டர்? எத்தனை வாட்? மூடியைத் திறந்தால் ஒளி நிற்குமா?’ மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும்வரை உங்கள் பெட்டி வெறுமையாகவே இருக்கட்டும்!